வைஃபையா, ஜிக்பீயா, மேட்டரா? ஸ்மார்ட் சுவிட்ச் வாங்கும் முன் சுவரையும் ஒயரையும் பாருங்கள்

ஓசூரில் அபார்ட்மெண்ட் வாங்குபவர்களுக்கும், தருமபுரி, கிருஷ்ணகிரியில் சொந்தமாக வீடு கட்டுபவர்களுக்கும் ஒயரிங் நடக்கும்போதே ஒரு கேள்வி வந்துவிடுகிறது: போனிலிருந்தே லைட்டைப் போட, அணைக்க உதவும் ஸ்மார்ட் சுவிட்ச் போடலாமா? சரி, பார்க்கலாம் என்று கடைக்குப் போனால் ஒரு பெட்டியில் வைஃபை என்று இருக்கும், அடுத்ததில் ஜிக்பீ 3.0, இன்னொன்றில் மேட்டர். கடைக்காரர் தன்னிடம் இருப்பதைத்தான் நல்லது என்பார். எலக்ட்ரீஷியன், "எதைப் போட்டாலும் லைட் எரியும் சார்" என்பார். அவர் சொல்வது பொய்யில்லை. லைட் எரியாமல் போகும் நாளில்தான் இவற்றின் வித்தியாசம் தெரியவரும்.

பெட்டியில் இருக்கும் பெயரைப் பிறகு பார்ப்போம். சுவருக்குள் இருப்பதைப் பார்த்துவிட்டு வந்தால் அந்தப் பெயர்களில் பாதி தானாகவே கழன்றுவிடும்.

சுவிட்சுக்குள் என்ன இருக்கிறது

சாதாரண சுவிட்ச், மின்சாரம் வரும் பேஸ் ஒயரைத் துண்டிக்கும், சேர்க்கும். அதற்கு வேறு வேலை இல்லை. ஸ்மார்ட் சுவிட்சில் மூன்று பொருள்கள் கூடுதலாக இருக்கின்றன.

1. ரிலே. காந்தச் சுருளால் இயங்கும் குட்டி சுவிட்ச். போனில் தொட்டதும் சுவரிலிருந்து கேட்கும் 'டிக்' சத்தம் இதனுடையது.
2. ரேடியோ சிப். கட்டளையை வாங்குவதும், "லைட் இப்போது ஆன்" என்று பதில் சொல்வதும் இது.
3. பவர் சப்ளை. 230 வோல்ட் ஏசி மின்சாரத்தைச் சிப்புக்கு வேண்டிய 3.3 வோல்ட் டிசியாக மாற்றித் தருவது.

தலைவலி மூன்றாவதில்தான் தொடங்குகிறது. லைட் அணைந்திருக்கும்போதும் சிப் விழித்திருக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த கட்டளை அதன் காதில் விழாது. விழித்திருக்க மின்சாரம் வேண்டும். மின்சாரம் ஓட பேஸ் மட்டும் போதாது, அது திரும்பிப் போகும் ஒயரான நியூட்ரலும் வேண்டும்.

கடைகளில் இது இரண்டு உருவங்களில் கிடைக்கிறது. ஒன்று, கண்ணாடி முகப்புள்ள டச் பேனல். மற்றது, இருக்கிற சுவிட்சுக்குப் பின்னால் ஒளித்து வைக்கும் சின்ன மாடியூல். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் மாடியூல்தான் என் தேர்வு. பழைய சுவிட்ச் அப்படியே இருக்கும், இருட்டில் தடவித் தட்டினாலும் வேலை செய்யும். டச் பேனலில் நான்கு பொத்தானும் தடவினால் ஒரே மாதிரிதான் இருக்கும்.

நியூட்ரல் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி

அமெரிக்காவில் எடுத்த வீடியோக்களைப் பார்த்தால் "நியூட்ரல் இல்லை" என்ற புலம்பல் நிறையக் கேட்கும். அங்கே பல வீடுகளில் சுவிட்ச் தனிப் பெட்டியில் இருக்கும், பிளக் வேறு இடத்தில் இருக்கும். நம் ஊர் வழக்கம் வேறு. நான்கு சுவிட்ச், ஒரு பேன் ரெகுலேட்டர், பக்கத்திலேயே ஒரு பிளக் பாயிண்ட் என்று ஒரே போர்டில் போட்டுவிடுவோம். பிளக் பாயிண்ட் இருக்கும் இடத்தில் நியூட்ரல் இருந்தே தீர வேண்டும். எனவே ஹால், படுக்கையறை, சமையலறை போர்டுகளில் பெரும்பாலும் கவலை இல்லை.

சிக்கல் வரும் இடங்கள் மூன்று: மாடிப்படியின் டூ வே சுவிட்ச், பாத்ரூம் வாசலில் இருக்கும் ஒற்றை சுவிட்ச், வெளிவாசல் விளக்கின் சுவிட்ச். இங்கெல்லாம் பேஸ் மட்டும் இறங்கி ஏறியிருக்கும்.

இத்தகைய இடங்களுக்காக 'நோ நியூட்ரல்' வகை விற்கிறார்கள். லைட் அணைந்திருக்கும்போதும் பல்பின் வழியாகவே கொஞ்சம் மின்சாரத்தைக் கசியவிட்டு அது பிழைத்துக்கொள்ளும். பழைய குண்டு பல்புக்கு அந்தக் கசிவு ஒரு பொருட்டே இல்லை. 9 வாட் எல்இடி பல்புக்கு அப்படியல்ல, அணைத்த பிறகும் மினுமினுக்கும் அல்லது மங்கலாக எரியும். பல்புக்கு இணையாக ஒரு சின்ன கெபாசிட்டரைப் போட்டால் சரியாகும். சில கம்பெனிகள் அதைப் பெட்டியிலேயே வைத்துத் தருகின்றன.

ரேடியோவைப் பொறுத்தும் இங்கே ஒரு வேறுபாடு உண்டு. வைஃபை சிப் தகவல் அனுப்பும் கணத்தில் 200 மில்லி ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். ஜிக்பீ சிப்புகளுக்குப் பொதுவாக அதில் பத்தில் ஒரு பங்கு போதும். கசிவு மின்சாரத்தில் பிழைக்க வேண்டிய சுவிட்ச் என்றால் ஜிக்பீயே மேல்.

ஒன்றை மட்டும் ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். நியூட்ரல் இல்லாத பெட்டியில், "எர்த்தையே நியூட்ரலாக எடுத்துக்கலாம்" என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) விழுந்துகொண்டே இருக்கலாம். அது பரவாயில்லை, வீட்டைக் காப்பாற்றுகிறது என்று விடலாம். ஆர்சிசிபி இல்லாத வீட்டில் எங்காவது எர்த் ஒயர் அறுந்தால், பிரிட்ஜ், வாஷிங் மெஷின் ஆகியவற்றின் உடம்பில் மின்சாரம் ஏறி நிற்கும்.

பெட்டியில் இருக்கும் பெயர்கள்

குழப்பத்துக்குப் பெரிய காரணம், ஒரே இனம் இல்லாத பெயர்களை ஒரே வரிசையில் வைத்துப் பார்ப்பது. வைஃபை, ஜிக்பீ, த்ரெட், இசட்-வேவ், புளூடூத் ஆகியவை தகவல் போகும் பாதைகள். மேட்டர் என்பது பாதை அல்ல, அந்தப் பாதையில் பேசும் மொழி. "வைஃபையா மேட்டரா" என்று கேட்பது, "பஸ்ஸா தமிழா" என்று கேட்பது போல.

1. வைஃபை. பெரும்பாலான சுவிட்சுகள் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும்தான் இயங்கும். தனியாக ஹப் (சுவிட்சுகளை வீட்டு நெட்வொர்க்கோடு இணைக்கும் பெட்டி) தேவையில்லை, இருக்கிற ரவுட்டரே போதும். இதுதான் இதன் பெரிய பலம். பலவீனங்கள் பயன்படுத்தும்போது தெரியும். ஒவ்வொரு மாடியூலும் ரவுட்டரில் தனி இணைப்பாக உட்காரும். இணையச் சேவைக்காரர் இலவசமாகக் கொடுத்த ரவுட்டர், போன்களும் டிவியும் கேமராவும் சேர்ந்து முப்பதைத் தொடும்போது திணறத் தொடங்கலாம். ரவுட்டரில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால், முதல்முறை இணைக்கும்போதே சுவிட்ச் அடம்பிடிக்கலாம். அப்போது 5 கிகாஹெர்ட்ஸைச் சிறிது நேரம் அணைத்துவிட்டு இணைக்க வேண்டும். அப்புறம், இணையச் சேவையை மாற்றினால் புது ரவுட்டர் வரும், புதுப் பெயர் வரும், வீட்டின் எல்லா சுவிட்சும் ஒரே நாளில் அனாதையாகும். புது ரவுட்டருக்குப் பழைய பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்துப் பிசகாமல் வைத்துவிட்டால் இந்த வேலை மிச்சம். இதைச் சொல்லிக் கொடுக்கும் கடைக்காரர் அரிது.

2. ஜிக்பீ. இதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸ்தான், ஆனால் வேகம் நொடிக்கு 250 கிலோபிட். சினிமா பார்க்க உதவாது, ஆன், ஆஃப் சொல்லத் தாராளம். இதன் சிறப்பு மெஷ். நியூட்ரலோடு இணைத்த ஒவ்வொரு சுவிட்சும் பக்கத்து சுவிட்சின் செய்தியையும் கடத்திவிடும். கீழே ஹாலில் இருக்கும் ஹப்புக்கு மொட்டைமாடி விளக்கு நேரடியாகக் கேட்காவிட்டாலும், இடையில் இருக்கும் மாடி அறை சுவிட்ச் கைமாற்றிக் கொடுக்கும். நோ நியூட்ரல் வகைகள் பெரும்பாலும் இந்தக் கடத்தும் வேலையைச் செய்யாது. இதைத் தெரியாமல் வீடு முழுக்க அவற்றையே போட்டால் மெஷ் என்ற ஒன்றே உருவாகாது. இதற்கு ஹப் ஒன்று கட்டாயம். அமேசானின் நான்காம் தலைமுறை எக்கோ ஸ்பீக்கருக்குள்ளேயே ஜிக்பீ ஹப் உண்டு. வீட்டில் அது இருந்தால் தனியாக வாங்க வேண்டியதில்லை.

3. த்ரெட். ஜிக்பீ ஓடும் அதே அடித்தளத்தின் மேல் கட்டியது, மெஷ்ஷும் உண்டு. ஒவ்வொரு கருவிக்கும் சொந்தமாக ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதன் விலாசம்) இருக்கும் என்பது வேறுபாடு. வீட்டு நெட்வொர்க்கோடு இதை இணைக்க 'பார்டர் ரவுட்டர்' வேண்டும். ஆப்பிளின் ஹோம்பாட் மினி, கூகுளின் இரண்டாம் தலைமுறை நெஸ்ட் ஹப் போன்றவற்றுக்குள் அது இருக்கிறது.

4. மேட்டர். இதன் முதல் பதிப்பு 2022 அக்டோபரில் வெளியானது. ஆப்பிள், கூகுள், அமேசான், சாம்சங் எல்லோரும் ஒப்புக்கொண்ட பொதுமொழி. வைஃபை மேலும் ஓடும், த்ரெட் மேலும் ஓடும். முதல்முறை சேர்க்கும்போது மட்டும் புளூடூத் உதவிக்கு வரும். கணவரிடம் ஆண்ட்ராய்டு, மனைவியிடம் ஐபோன் என்றால், ஒரே சுவிட்சை இரண்டு பேரும் அவரவர் செயலியில் வைத்துக்கொள்ளலாம். இதைவிடப் பெரிய லாபம், கட்டளை வீட்டுக்குள்ளேயே போய்ச் சேரும்படி இது வடிவமைக்கப்பட்டிருப்பது. பெட்டியில் 'மேட்டர்' என்பதைப் பார்த்ததும் நிறுத்தாமல், வைஃபை மேல் மேட்டரா, த்ரெட் மேல் மேட்டரா என்றும் படிக்க வேண்டும். இரண்டாவது என்றால் பார்டர் ரவுட்டர் இல்லாமல் வேலைக்கு ஆகாது.

5. இசட்-வேவ். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பேர்பெற்றது, இங்கே அரிது. அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கி வந்தால் நன்றி சொல்லி அலமாரியில் வைத்துவிடலாம். அந்த ஊர் இசட்-வேவ் 908 மெகாஹெர்ட்ஸில் பேசும். இந்தியாவில் அந்த இடம் செல்போன் சேவைக்கு உரியது. இங்கே உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்பது 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய பகுதிதான். போதாக்குறைக்கு, அங்கே மின்சாரம் 120 வோல்ட்.

6. 433 மெகாஹெர்ட்ஸ் ரிமோட் சுவிட்ச். விலை மிகக் குறைவு. இவற்றில் பெரும்பாலானவை கட்டளையை வாங்கும், பதில் சொல்லாது. லைட் எரிகிறதா என்று போய்த்தான் பார்க்க வேண்டும். கேட் விளக்குக்குப் போதும்.

புளூடூத் மெஷ் என்றும் ஒன்று 2017 முதல் இருக்கிறது. ஒற்றை அறைக்கு நன்றாக வேலை செய்யும், வெளியூரிலிருந்து இயக்க வேண்டும் என்றால் இதற்கும் ஹப் போன்ற ஒரு கேட்வே வாங்க வேண்டிவரும்.

கருங்கல் சுவரும் இரும்புப் பெட்டியும்

பெட்டியில் "30 மீட்டர்" என்று போட்டிருப்பது திறந்தவெளிக் கணக்கு. கிருஷ்ணகிரி பழையபேட்டை மாதிரிப் பகுதியில் கனமான சுவரோடு இருக்கும் பழைய வீட்டில் அதை நம்ப முடியாது. நம் இரண்டு மாவட்டங்களும் கல்லுக்குப் பேர்போனவை. கருங்கல் சுவர் செங்கல்லைவிடத் தடிமனாக இருக்கும், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நன்றாகவே விழுங்கும். கம்பி கட்டிய கான்கிரீட் தளமும் அப்படித்தான். கீழ்த்தளத்தில் ரவுட்டர், மாடியில் சுவிட்ச் என்றால் சிக்னல் அந்தத் தளத்தைத் தாண்டுவதைவிடப் படிக்கட்டு வழியாக ஏறுவதே சுலபம்.

அதைவிட நெருக்கமான எதிரி ஒன்று இருக்கிறது, பலரும் அதை யோசிப்பதில்லை. மாடுலர் சுவிட்சுகளைப் பொருத்தச் சுவரில் புதைப்பது பல வீடுகளில் இரும்புத் தகட்டுப் பெட்டி. மாடியூலை அதன் அடியில் திணித்தால் ரேடியோவைச் சுற்றி ஐந்து பக்கமும் இரும்பு. சிக்னல் வெளியே வர முகப்பு பிளாஸ்டிக் மட்டுமே வழி. மாடியூலின் ஆன்டெனா ஒயர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதை முகப்புத் தகட்டுக்குப் பின்னால் ஒட்டினாற்போல் கொண்டுவர வேண்டும். டச் பேனலில் ரேடியோ முகப்பிலேயே இருப்பதால் இந்த இடத்தில் அதற்குத்தான் வெற்றி. புது வீடு என்றால் பிளாஸ்டிக் பெட்டி, அதுவும் ஆழமான பெட்டி கேட்டு வாங்கலாம்.

ஓசூர் அபார்ட்மெண்ட்டில் பிரச்சினை வேறு மாதிரி. சுவர் மெலிது, ஆனால் பத்து வீட்டு வைஃபையும் ஒரே காற்றில் மோதுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒன்றையொன்று தொடாத சேனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. ஜிக்பீக்கு 11 முதல் 26 வரை சேனல்கள் உண்டு. அந்த எண்கள் வைஃபை எண்களோடு பொருந்தாது என்பது கவனிக்க வேண்டியது. ஜிக்பீயின் 25ஆவது சேனல், வைஃபையின் 11ஆவது சேனலுக்கும் மேலே ஒதுங்கி நிற்கிறது. ஹப்பில் சேனலை மாற்ற வழி இருந்தால், சுவிட்சுகளைச் சேர்க்கும் முன்பே 25க்கு மாற்றிவிடுவது நல்லது. பிறகு மாற்றினால் சில கருவிகளை மறுபடி சேர்க்க நேரும்.

கரண்ட் போனால், நெட் போனால்

கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று என்றால் அது இதுதான்: "நெட் இல்லாதபோது இது போனிலிருந்து வேலை செய்யுமா?"

மலிவான வைஃபை சுவிட்சுகளில் பல, நீங்கள் போனில் தொட்டதும் செய்தியை எங்கோ இருக்கும் சர்வருக்கு அனுப்பி, அங்கிருந்து திரும்ப உங்கள் வீட்டுக்கு வரவழைக்கின்றன. பத்தடி தூரத்தில் இருக்கும் லைட்டுக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சுற்றுப்பயணம். பென்னாகரம் சாலையில் எங்கோ பள்ளம் தோண்டும்போது பைபர் கேபிள் அறுந்தால் உங்கள் ஹால் லைட் போனுக்குக் கட்டுப்படாது. சுவரில் இருக்கும் சுவிட்ச் வேலை செய்யும், அந்த அளவில் நிம்மதி.

சர்வரே நின்றுபோனால்? 2022 ஏப்ரலில் அமெரிக்காவின் இன்ஸ்டியான் நிறுவனம் முன்னறிவிப்பு இல்லாமல் தன் சர்வர்களை நிறுத்தியது. அதை நம்பி வீட்டை அமைத்தவர்களின் செயலி ஒரே நாளில் செத்துப்போனது. பிறகு அதன் பயனர்களே சிலர் சேர்ந்து நிறுவனத்தை வாங்கி உயிர்கொடுத்தார்கள். எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது.

கரண்ட் விஷயத்தில் நான்கு செய்திகள்.

1. ரவுட்டர், பைபர் பெட்டி, ஹப் மூன்றும் இன்வெர்ட்டர் லைனில் இருக்க வேண்டும். லைட் இன்வெர்ட்டரில், ரவுட்டர் இல்லை என்றால் ஸ்மார்ட் என்ற சொல்லுக்கு அர்த்தமில்லை.
2. கரண்ட் திரும்பும்போது சுவிட்ச் என்ன நிலைக்குப் போக வேண்டும் என்பதைச் செயலியில் குறித்து வைக்கலாம். 'பழைய நிலை' அல்லது 'ஆஃப்' என்று வையுங்கள். சிலவற்றில் வரும்போதே 'ஆன்' என்று இருக்கும். இரவு 3 மணிக்குக் கரண்ட் வந்ததும் படுக்கையறை முழுக்கப் பளீர் என்று எரிவது அதனால்தான்.
3. கரண்ட் வந்த பிறகு வைஃபை சுவிட்சுகள் எல்லாம் ஒரே நேரத்தில் ரவுட்டரை மொய்க்கும். ரவுட்டர் தயாராக ஓரிரு நிமிடம் ஆகும். அதற்குள் "கெட்டுப்போச்சு" என்று ரீசெட் பொத்தானை அழுத்திவிட வேண்டாம்.
4. சித்திரை, வைகாசி மாதத்துக் கோடை மழையில் இடியோடு வரும் மின்னழுத்தப் பாய்ச்சல், ரிலேவை விட அந்தச் சின்ன பவர் சப்ளையைத்தான் முதலில் காவு வாங்கும். மெயின் போர்டில் சர்ஜ் பாதுகாப்புக் கருவி வைப்பது, எந்த ரேடியோவைத் தேர்ந்தெடுத்தாலும் செய்ய வேண்டிய செலவு. ஒன்றிரண்டு மாடியூலை உபரியாக வாங்கி வைப்பதும் தவறில்லை.

மின்கட்டணம் குறையுமா

விளம்பரத்தில் குறையும் என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வைஃபை மாடியூல் சும்மா விழித்திருக்க 1 வாட் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 24 வாட் அவர். 9 வாட் எல்இடி பல்பை 2 மணி 40 நிமிடம் எரித்தாலும் இதே செலவுதான். அதாவது, தினமும் அவ்வளவு நேரம் மறந்து எரியவிடும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் மட்டும்தான் கணக்கு சமமாகும்.

நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு ரீடிங். ஒரு மாடியூலுக்கு 60 நாளில் 1.44 யூனிட். இருபது மாடியூல் என்றால் கிட்டத்தட்ட 29 யூனிட். இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் கால்வாசிக்கு மேல் சுவிட்சுகள் தூங்காமல் இருப்பதற்கே போய்விடும். ஜிக்பீயில் இது ஏறக்குறைய பாதியாகும். வசதிக்காக வாங்குங்கள், சிக்கனத்துக்காக என்றால் அந்தப் பணத்தில் பழைய 75 வாட் சீலிங் பேனை மாற்றி 30 வாட் அளவில் ஓடும் பிஎல்டிசி பேன் வாங்கலாம்.

எந்த வீட்டுக்கு எது

நான்கைந்து சுவிட்ச், ஒரே தளம், வாடகை வீடு: வைஃபை மாடியூல் போதும். வைஃபை மேல் மேட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. வீடு மாறும்போது கழற்றிக்கொண்டு போகலாம்.

பத்துக்கு மேல் சுவிட்ச், மாடி வீடு, அல்லது நெரிசலான அபார்ட்மெண்ட்: ஜிக்பீ. இன்றைய தேதியில் வகைகள் அதிகம், பழகிய தொழில்நுட்பம், ரவுட்டர் மாறினாலும் சுவிட்சுகள் அசையாது. ஹப் வாங்கும்போது அது மேட்டர் மொழியிலும் பேசுமா என்று பாருங்கள். சில ஹப்கள் தன்னிடம் இருக்கும் ஜிக்பீ சுவிட்சுகளை மேட்டர் கருவிகளாகக் காட்டிக்கொடுக்கும், நாளைக்கு உதவும். கணினியில் கை பழகியவர்கள் ஹோம் அசிஸ்டென்ட் என்ற இலவச மென்பொருளை 'ராஸ்ப்பெரி பை' என்ற குட்டிக் கணினியில் ஓட்டி, சர்வர் தொல்லையே இல்லாமல் வைத்துக்கொள்ளலாம்.

த்ரெட் நல்ல தொழில்நுட்பம்தான். பல சுவிட்சுகள் சேர்ந்த நம் ஊர் போர்டுகளுக்கு ஏற்ற வகைகள் குறைவு என்பதால், வீடு முழுக்க அதை நம்பி இறங்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பாலக்கோடு, அரூர் பக்கத்துத் தோட்ட வீடு, கிணற்று மோட்டார் 200 மீட்டர் தள்ளி இருக்கிறது என்றால், மேலே சொன்ன எதுவும் அந்த வேலைக்கு இல்லை. சிம் கார்டு போட்ட மொபைல் ஸ்டார்ட்டர் விவசாயிகளிடம் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. வரப்பில் நின்றுகொண்டு போனில் மோட்டாரை நிறுத்தியவர்களுக்கு நகரத்து ஸ்மார்ட் சுவிட்ச் ஒன்றும் புதுமை இல்லை.

சின்ன மாடியூலில் மாட்டக் கூடாதவை

1. தண்ணீர் மோட்டார். 1 ஹெச்பி மோட்டார் ஓடும்போது இழுப்பது குறைவாகத் தெரியலாம், கிளம்பும் நொடியில் பல மடங்கு இழுக்கும். ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால் போனில் 'ஆஃப்' காட்டும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். இடையில் காண்டாக்டர் (பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் பெரிய ரிலே) வேண்டும்.
2. கீசர். 2000 வாட் என்றால் 8.7 ஆம்பியர். 10 ஆம்பியர் மாடியூல் தாங்கும் என்று எழுத்தில் இருந்தாலும் அடைத்த பெட்டிக்குள் சூடேறும். 16 ஆம்பியருக்கென்று செய்ததை வாங்குங்கள்.
3. பேன். லைட் டிம்மரில் பேனை மாட்டினால் உறுமும். கெபாசிட்டர் படிகள் உள்ள பேன் மாடியூல் தனியாகக் கிடைக்கிறது. பிஎல்டிசி பேனுக்கு அதுவும் கூடாது, ஆன், ஆஃப் மட்டும் போதும். வேகத்தை அதன் ரிமோட் பார்த்துக்கொள்ளும்.

இப்போதுதான் வீடு கட்டுகிறீர்கள் என்றால்

எந்த ரேடியோ என்று இன்றே முடிவு செய்ய வேண்டியதில்லை. காடி வெட்டும் நாளில் எலக்ட்ரீஷியனிடம் மூன்று வேலைகளைச் சொன்னால் போதும்: ஒற்றை சுவிட்ச், டூ வே சுவிட்ச் உட்பட எல்லாப் பெட்டிக்கும் ஒரு நியூட்ரல், ஆழமான பெட்டி, ரவுட்டர் வைக்கும் இடத்துக்கும் மாடிக்கும் தனி பைப்பில் ஒரு நெட்வொர்க் கேபிள். பூச்சு வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு சுவரையும், பைப் போகும் வழி தெரியும்படி போனில் படமெடுத்து, எந்த அறை என்று பெயர் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.